உள்ளே ரெண்டு பேர்

என் சகலையைப் பற்றி நல்லவிதமாக நாலு வார்த்தை எழுதுவது எனக்கு அவ்வளவு சுலபமான காரியம் இல்லை. சகலை என்றால் என் மனைவியின் அக்கா கணவர். கல்யாணமான நாளிலிருந்து, பத்தொன்பது வருடமாக, "அக்கா வீட்டுக்காரரைப் பாருங்க" என்று ஆரம்பிக்கிற வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. நான் செருப்பைக் காணாமல் கத்தினால், பஸ்ஸைத் துரத்திக்கொண்டு ஓடினால், ஜாடி மூடி திறக்கவில்லை என்று அதைத் தரையில் போட்டு மொத்தினால், எல்லாவற்றுக்கும் அதே வாக்கியம்தான். "அக்கா வீட்டுக்காரரைப் பாருங்க, என்ன ஒரு நிதானம்!" நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். என் கோபத்துக்கு மாணவர்கள் ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள், அதை என் எதிரில் மட்டும் சொல்வதில்லை. நிதானத்தைப் பற்றி எனக்குப் பாடம் எடுத்தால் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சகலை லிஃப்ட் மெக்கானிக். இருபத்தெட்டு வருட சர்வீஸ். எங்கேயாவது லிஃப்ட்டில் ஆள் மாட்டிக்கொண்டால் கம்பெனியிலிருந்து இவருக்குத்தான் போன் போகும். இவர் போய்ச் சேரும்போது வாசலில் கூட்டம் கூடியிருக்கும். ஒருவன் கதவைக் குத்துவான், ஒருவன் கடப்பாரை கொண்டுவா என்பான், ஒருவன் சும்மாவே அழுவான். சகலை சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "யாரும் எதையும் தொடாதீங்க" என்பார். பிறகு கதவிடுக்கில் வாயை வைத்து, "உள்ள எத்தனை பேர்?" என்று கேட்பார். சாப்பிட்டாச்சா, எந்த மாடிக்குக் கிளம்பினீங்க, என்று சம்பந்தி வீட்டில் விசாரிப்பது போல ஒவ்வொருவராக விசாரிப்பார். அதற்கப்புறம்தான் மாடிப்படி ஏறி, உச்சியில் இருக்கிற மோட்டார் அறைக்குப் போய், கரண்டை நிறுத்திவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றி, பெட்டியை விரல் விரலாக இறக்கித் தளத்துக்குச் சமமாகக் கொண்டுவருவார். திரும்ப இறங்கி வந்து, கதவின் மேல்மூலையில் உள்ள சின்ன ஓட்டையில் சாவியை விட்டுத் திருப்புவார். கதவு திறக்கும்.

"அவசரம் வெளியில நிக்கிறவனுக்குத்தான் சகலை. உள்ள இருக்கறவனுக்கு வேண்டியது நிதானம்" என்பது அவருடைய வேதவாக்கு. ஒருமுறை ஆறு வருடமாக முகம் கொடுத்துப் பேசாத எதிரெதிர் வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் ஒரே லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டார்கள். சகலை வேண்டுமென்றே முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். கதவு திறந்தபோது இருவரும் நிஜமாகவே பேசிக்கொண்டுதான் வந்தார்கள். அது வரைக்கும் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்ததை இப்போது வாய்விட்டுத் திட்டிக்கொண்டார்கள். "ஆரம்பம் அப்படித்தான் இருக்கும்" என்றார் சகலை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. லிஃப்ட் ஓடாதபோதுதான் அவருக்கு வேலை. ஆகையால் மனுஷன் ஆயுள் முழுக்க ஏறினதெல்லாம் மாடிப்படிதான். முட்டி தேயாமல் என்ன செய்யும்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பத்து மாடி உயரத்தில் ஒரு இரும்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிற இந்த மகாவீரருக்கு ஊசி என்றால் பயம். அவர் கம்பெனியில் ஒருதரம் ரத்ததான முகாம் நடந்தது. சகலை ரத்தம் கொடுக்கப் போகவில்லை. நண்பன் கொடுப்பதைப் பார்க்கப் போனார். மயங்கி விழுந்தார். ரத்தம் கொடுத்தவன் எழுந்து வந்து இவர் முகத்தில் தண்ணீர் தெளித்தான்.

போன வருடம் வலது முட்டி வீங்கியபோது, வேலையிலிருந்து அப்படியே தனியாகப் போய் ஸ்கேன் எடுத்துக்கொண்டு வந்தார். "ஒண்ணும் இல்லையாம். வெறும் தசைப்பிடிப்பாம். தைலம் தேச்சாலே போதுமாம்" என்று வீட்டில் சொன்னார். அண்ணி, அதாவது என் மனைவியின் அக்கா, தபால் ஆபீஸில் பார்சல் பிரிவில் இருக்கிறார். நாள் பூராவும் மூட்டை தூக்கி, எடை போட்டு, முத்திரை குத்துகிற கை. அந்தக் கையால் தினமும் வேலை முடிந்து வந்ததும் தைலம் தேய்க்க ஆரம்பித்தார். ஒருநாள்கூட விடவில்லை.

முட்டி சரியாகவில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால், ஏழாவது மாடிப் படியில் அது அப்படியே பூட்டிக்கொண்டது. மடக்கவும் முடியவில்லை, நீட்டவும் முடியவில்லை. சகலை படியிலேயே உட்கார்ந்து முனகியிருக்கிறார். லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டிருந்தவர்களே கதவு வழியாக, "சார், பயப்படாதீங்க, சாப்பிட்டீங்களா?" என்று இவருக்கு ஆறுதல் சொன்னார்களாம். இனி டாக்டர் கடிதம் இல்லாமல் படி ஏறக் கூடாது என்று கம்பெனி வீட்டில் உட்கார வைத்துவிட்டது. முட்டிக்கென்றே பேர்போன டாக்டர் ஒருவர் மாதத்தில் ஒரே ஒரு சனிக்கிழமை எங்கள் ஊருக்கு வருவார். இரண்டு மாதம் காத்திருந்து, அவரிடம் நாலு மணிக்கு நேரம் வாங்கியிருந்தார் அண்ணி. புதிதாக ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டும், ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது, படம் இருக்கிற சிடியைக் கட்டாயம் கொண்டுவர வேண்டும் என்று டாக்டரின் ஆட்கள் சொல்லியிருந்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அண்ணியிடமிருந்து போன்.

"தம்பி, கொஞ்சம் வந்துட்டுப் போங்க. உங்க அண்ணனோட முட்டி கம்ப்யூட்டருக்குள்ள மாட்டிக்கிச்சு."

இதைப் புரிந்துகொள்ள எனக்குச் சற்று நேரம் பிடித்தது. வினாத்தாளை நானே டைப் அடிப்பேன் என்ற ஒரே காரணத்தால், எங்கள் குடும்பத்தில் எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று ஒரு நம்பிக்கை. "அக்கா வீட்டுக்காரர் இருக்கும்போது உங்களையா கூப்பிடறாங்க?" என்று என் மனைவி ஆச்சரியப்பட்டாள். நான் இரண்டடி இரும்பு ஸ்கேலைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

அந்தக் கம்ப்யூட்டர் அவர்களுடைய மகள் கல்லூரியில் படித்தபோது வாங்கியது. அவள் வேலைக்காக வெளியூர் போய் இரண்டு வருடம் ஆகிறது. அதிலிருந்து அது முன்னறை ஜன்னலோரம் பூப்போட்ட உறையைப் போர்த்திக்கொண்டு, இஸ்திரி போட்ட துணிகளைத் தலையில் சுமந்துகொண்டு நின்றது. நான் போனபோது உறையைக் கழற்றியிருந்தார்கள். சகலை வலது காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து, சிபியு பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டிருந்தார். இடது கை பெட்டியின் முகப்பில், சிடி போடுகிற தட்டின் மேல் அழுத்தமாகப் பதிந்திருந்தது.

"டாக்டர் பாக்கறதுக்கு முன்னாடி நம்ம முட்டியை நாம ஒருதரம் பாத்துட வேண்டாமான்னு நான்தான் போடச் சொன்னேன்" என்றார் அண்ணி. "நான் கண்ணாடியை எடுத்துட்டு வர்றதுக்குள்ள போட்டு மூடிட்டாரு. அதுக்கப்புறம் படமும் வரல, தட்டும் வரல."

"யாரும் எதையும் தொடாதீங்க" என்றார் சகலை.

தொடாமல் எப்படி? நான் பொத்தானை அமுக்கினேன். உள்ளே கர்ர்ர் என்று ஒரு சத்தம், டக்கென்று ஒரு இடி, மறுபடி கர்ர்ர், பிறகு அமைதி. மூன்று முறை அமுக்கினேன். மூன்று முறையும் அதே பாட்டு. கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டுத் திரும்பப் போட்டேன். திரையில் எலியைக் கொண்டுபோய் 'எஜெக்ட்' என்ற இடத்தில் தட்டினேன். அதற்கும் கர்ர்ர்தான். பெட்டியைக் குப்புறக் கவிழ்த்து உலுக்கலாம் என்றேன். சகலை விடவில்லை. இரும்பு ஸ்கேலை இடுக்கில் விட்டு நெம்பலாம் என்றேன். அவர் என் ஸ்கேலைப் பிடுங்கித் தனக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். கம்ப்யூட்டர் கடைக்குப் போன் போட்டேன். திங்கட்கிழமை கொண்டுவாங்க என்றார்கள்.

சகலை தட்டுக்கு அருகில் வாயைக் கொண்டுபோய் ஏதோ மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தார். சிடியிடம் சாப்பிட்டாச்சா என்றுதான் விசாரிக்கிறார் என்று நினைத்தேன்.

"மணி பதினொண்ணு" என்றார் அண்ணி.

"அவசரப்படக் கூடாது" என்றார் சகலை.

"மணி பதினொண்ணரை."

"நிதானமாத்தான் பண்ணணும்."

எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். பத்து மாடிக் கட்டடத்திலிருந்து அரை மணியில் ஆளை இறக்குகிறவர், ஒரு சாண் அகலமுள்ள தட்டின் முன்னால் ஒன்றரை மணி நேரமாக உட்கார்ந்திருந்தார். நடுநடுவே அண்ணியை விரட்டிக்கொண்டே இருந்தார். டீ வேண்டும் என்றார். டார்ச் வேண்டும் என்றார். பழைய பல் தேய்க்கிற பிரஷ் வேண்டும் என்றார். அண்ணி பிரஷைத் தேடிப் பின்கட்டுக்குப் போனதும், என் சட்டையைப் பிடித்து இழுத்துக் காதருகே கிசுகிசுத்தார்.

"சகலை, உள்ள ரெண்டு பேர் இருக்காங்க."

"என்னது?"

"மேல இருக்கறது இந்த வருஷத்து முட்டி. அடியில இருக்கறது போன வருஷத்து முட்டி."

விஷயம் இதுதான். போன வருட ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று அவர் சொன்னது முழுப் பொய். ஜவ்வு கிழிந்திருக்கிறது, ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டும் என்று ரிப்போர்ட்டில் தெளிவாகப் போட்டிருந்தது. ஆபரேஷன் என்ற சொல்லைப் படித்ததும் சகலைக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. காகிதத்தைக் கிழித்து ஏதோ ஒரு கட்டடத்தின் லிஃப்ட் குழியில் போட்டுவிட்டார். சிடியைத்தான் கிழிக்க முடியவில்லை.

"உடைச்சிருக்கலாமே?"

"உடைக்கலாம்னுதான் பார்த்தேன். முட்டிக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயமா இருந்துச்சு."

நான் என் முட்டியை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டேன்.

"இந்த வீட்டுல அவ கை படாத இடம் ஒண்ணு கிடையாது சகலை. பீரோவுக்கு மேல, மெத்தைக்கு அடியில, எல்லாம் துடைப்பா. இதுக்குள்ள மட்டும்தான் கை விட மாட்டா. அதனால இதுல போட்டு மூடினேன். மூடினவன் மறந்தே போயிட்டேன். இன்னைக்குக் காலையில பட்டனை அமுக்கறேன், தட்டு வெளிய வருது, அதுல அது உக்காந்துகிட்டு என்னைப் பாக்குது. அவ கண்ணாடியைப் போட்டுக்கிட்டே உள்ள வர்றா. கையில இருந்ததை அதுமேலேயே வெச்சு உள்ள தள்ளிட்டேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். முழு முட்டியை மறைத்தவரை இப்போதுதான் பார்க்கிறேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு உடம்பெல்லாம் குளுகுளுவென்று இருந்தது. பத்தொன்பது வருட நிதானம் என் கண்ணெதிரில் வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் இதை எந்த இடத்தில் ஆரம்பித்து எப்படிச் சொல்வது என்றுகூட ஒத்திகை பார்த்துவிட்டேன்.

"அண்ணிகிட்ட சொல்லிடுங்களேன்" என்றேன், பெரிய மனுஷன் மாதிரி.

"சொல்லலாம். தைலத்துக்கு என்ன சொல்றது?" அலமாரியைக் காட்டினார். கீழ்த்தட்டில் காலி தைலப் புட்டிகள் வரிசையாக நின்றன. "பதினாலு புட்டி. தினமும் தேய்ப்பா. தேச்சு முடிச்சதும், 'இன்னைக்குக் கொஞ்சம் தேவலையா?'ன்னு கேப்பா. தேவலைம்பேன். அவ முகத்துல ஒரு சந்தோஷம் வரும் பாருங்க. ஒரு வருஷமா தினமும் அதைப் பாத்துட்டு, இன்னைக்கு எந்த மூஞ்சியோட சொல்லுவேன்?"

அவர் கண் கலங்கியிருந்தது. என் குளுகுளுப்பு கொஞ்சம் குறைந்துபோனது. முழுசாகப் போய்விடவில்லை.

திட்டம் போட்டோம். நான் சமையலறையில் அண்ணியைப் பேச்சில் பிடித்து வைக்க வேண்டும். அதற்குள் அவர் தட்டைத் திறந்து, பழையதைத் தன் பனியனுக்குள் போட்டுக்கொண்டு, புதியதை மட்டும் வெளியே நீட்டுவார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது போல நானும் இந்தத் திருட்டில் பங்காளி ஆனேன்.

பிளக்கைப் பிடுங்கினாலே போதும் என்ற காரியத்துக்கு, சகலை நொண்டிக்கொண்டு போய் வீட்டின் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டு வந்து, பெட்டியின் முகப்பில் பழையபடி கையைப் பதித்துக்கொண்டார். இருபத்தெட்டு வருடப் பழக்கம், உள்ளே ஆள் இருந்தால் முதலில் மெயினைத்தான் நிறுத்துவார். மின்விசிறி நின்றது. பிரிட்ஜ் ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. பின்கட்டில் சுற்றிக்கொண்டிருந்த வாஷிங் மெஷினும், டாக்டரிடம் போட்டுக்கொண்டு போக வேண்டிய ஒரே நல்ல பேன்ட்டை நுரைக்குள் பிடித்து வைத்தபடி நின்றது.

"யாரு மெயினை அணைச்சது?" என்று கேட்டுக்கொண்டே அண்ணி வந்தார். ஒரு கையில் பல் பிரஷ், ஒரு கையில் போன். போனில் மகள் பேசிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நல்லாக் கேளு. முதல்ல கரண்டை நிறுத்தணும்."

"அதெல்லாம் வீடு பூரா நின்னாச்சு. அடுத்தது சொல்லு."

"தட்டுக்குக் கீழ குட்டியா ஒரு ஓட்டை இருக்கும். மெல்லிசா ஒரு கம்பியை அதுக்குள்ள நேரா விட்டுத் தள்ளு. தட்டு தானா கொஞ்சம் வெளிய வரும். அப்புறம் பிடிச்சு இழுத்துடலாம்."

அண்ணி குனிந்து பார்த்தார். "ஓட்டையே இல்லையேடி."

"இருக்கும்மா. எல்லாத்துலயும் இருக்கும்."

அண்ணி பெட்டியின் முகப்பை இடமிருந்து வலமாக மெல்லப் பார்த்துக்கொண்டே வந்தார். பார்வை சகலையின் இடது கட்டைவிரலில் வந்து நின்றது. அப்போதுதான் எனக்கும் உறைத்தது. மனுஷன் காலையிலிருந்து அந்த ஓட்டையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார். ஆயுள் முழுக்கக் கதவு ஓட்டையில் சாவி விட்டவருக்கு அந்த ஓட்டை கண்ணில் படாமலா இருக்கும்?

"கையை எடுங்க" என்றார் அண்ணி.

"எதுக்கு?"

"எடுங்கன்னா எடுங்க."

பங்காளி என்ற முறையில் நான் ஏதாவது செய்ய வேண்டும். "அண்ணி! பால் பொங்குது!" என்று அலறினேன்.

"அடுப்புல பாலே வெக்கல தம்பி" என்றார் அண்ணி, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

கட்டைவிரல் விலகியது. குண்டூசித் தலை அளவில் ஒரு ஓட்டை இருந்தது. அண்ணி கொண்டை ஊசியை எடுத்து முயன்றார். அது தடிமனாக இருந்தது. ஊக்கு நுழைந்தது, ஆனால் நீளம் போதவில்லை. டாக்டரின் நேரச் சீட்டைப் பையிலிருந்து எடுத்து, அதில் மாட்டியிருந்த கிளிப்பைக் கழற்றிப் பல்லால் கடித்து நிமிர்த்தினார். உள்ளே விட்டார். வழுக்கியது. மறுபடி விட்டார். கம்பி வளைந்தது.

அதற்கு மேல் சகலையால் தாங்க முடியவில்லை. வேலை கோணலாக நடப்பதை அந்த மனுஷனால் பார்க்கவே முடியாது.

"சாய்க்காத. நேராப் பிடி" என்றார்.

"நேராத்தான் பிடிச்சிருக்கேன்."

"இல்ல, மேல தூக்கு. இப்ப மெதுவா உள்ள விடு. ஏதாவது தட்டுப்படுதா?"

"என்னமோ மெத்துனு தட்டுது."

"அதுதான். குத்தாத, அழுத்து. நிதானம். இன்னும் கொஞ்சம்."

தன் கழுத்துக்குத் தானே கயிறு திரித்துக் கொடுக்கிறோம் என்று தெரிந்தும் மனுஷன் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். க்ளக் என்று ஒரு சத்தம். தட்டு நகத்தின் அகலத்துக்கு வெளியே வந்தது. அண்ணி இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்தார். இழுக்க இழுக்க, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சிடி வெளியே வந்தன.

போனில் மகள், "வந்துடுச்சாம்மா? வந்துடுச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். "வந்துடுச்சு" என்று சொல்லி அண்ணி போனை வைத்தார்.

பார்சல் பிரிவில் உட்காருகிறவருக்கு ஒட்டியிருக்கிற சீட்டைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்? மேலே இருந்ததை எடுத்துப் பார்த்தார், போன வாரத் தேதி. அடியில் இருந்ததை எடுத்துப் பார்த்தார். அதே ஸ்கேன் நிலையம், அதே ஆள், போன வருடத் தேதி. திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி சகலை வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். நான் என் ஸ்கேலைத் தேடினேன்.

அண்ணி கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. ஒருமுறை அலமாரிக் கீழ்த்தட்டைப் பார்த்தார். பிறகு துணியால் இரண்டு சிடியையும் துடைத்து, ஒரே உறையில் போட்டார். மெயின் சுவிட்சைப் போட்டார். எங்கள் மூவருக்கும் சாப்பாடு எடுத்து வைத்தார். சாப்பிட்டோம். "மணி ரெண்டே முக்கால். கிளம்புங்க" என்றார் கடைசியில். பேன்ட் நனைந்திருந்ததால் சகலை கம்பெனியின் நீல யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டார்.

வாடகைக் காரில் அண்ணி முன்னால் உட்கார்ந்தார், உறை மடியில் இருந்தது. நாங்கள் இருவரும் பின்னால். சகலை அவர் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். "திட்டினாக்கூடப் பரவாயில்ல சகலை" என்று முணுமுணுத்தார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வேடிக்கை பார்க்கலாம் என்று வந்தவன் நான். காரின் ஜன்னல் கண்ணாடியை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தேன்.

டாக்டர் சின்ன வயசுக்காரர், சுறுசுறுப்பானவர். யூனிஃபார்மைப் பார்த்துவிட்டு, "லிஃப்ட் வெளியில இருக்குங்க" என்றார். நோயாளி என்று புரிந்ததும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உறையைப் பிரித்தார். முகம் மலர்ந்தது.

"அட, போன வருஷப் படத்தையும் வெச்சிருக்கீங்களா? யாருமே பழசைப் பத்திரப்படுத்தறதில்லீங்க. ரொம்பப் பொறுப்பான ஆளு நீங்க."

அண்ணி சகலையைப் பார்த்தார். சகலை தன் செருப்பைப் பார்த்தார்.

டாக்டர் இரண்டு முட்டியையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "பாருங்க, போன வருஷம் கிழிசல் இவ்வளவுதான். இப்ப நீண்டுபோய், கிழிஞ்ச துண்டு மடிஞ்சு நடுவுல சிக்கியிருக்கு. அதனாலதான் பூட்டிக்குது. அப்பவே வந்திருந்தா வேலை இன்னும் சுலபம். இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. சின்னதா ஓட்டை போட்டு, மெல்லிசா ஒரு கருவியை உள்ள விட்டு எடுத்துடலாம். அடுத்த மாசம் வெச்சுக்கலாமா?"

சகலைக்கு முகம் வெளுத்தது. நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, ரொம்பச் சிரமப்பட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"டாக்டர், அதுக்கு முன்னாடி மெயினை அணைச்சுடுவீங்கல்ல?"

டாக்டர் விழித்தார். நான் மொழிபெயர்த்தேன். "மயக்க மருந்தா? கண்டிப்பா!" என்றார் டாக்டர். அந்த அறையில் அண்ணியைத் தவிர எல்லாருமே சிரித்தார்கள்.

வெளியே வராந்தாவில் நாற்காலி வரிசையில் அண்ணி உட்கார்ந்தார். சகலை நின்றுகொண்டே, "பதினாலு புட்டித் தைலம்... நான் பண்ணினது பெரிய தப்புதான்..." என்று ஆரம்பித்தார்.

"தைலம் கிடக்கட்டும்" என்றார் அண்ணி. "பொய் சொன்னீங்க, அதுவும் கிடக்கட்டும். அதை வீட்டுக்குப் போய் வெச்சுக்கறேன். ஒரு வருஷமா பயந்துகிட்டு இருந்திருக்கீங்க. நான் கீழ உக்காந்து காலைப் பிடிச்சுத் தேச்சுக்கிட்டு இருக்கேன், நீங்க மேல உக்காந்து தனியா பயந்துகிட்டு இருந்திருக்கீங்க. ஒரே ரூம்ல. பயப்படறதுக்குக்கூட என்னை ஒரு வார்த்தை கூப்பிடக் கூடாதா?"

"நீயும் பயந்துடுவேன்னுதான்..."

"பயந்திருப்பேன்தான். இப்ப மட்டும் என்ன, தைரியமாவா இருக்கேன்? இங்க பாருங்க."

கையை நீட்டினார். முப்பது கிலோ மூட்டையை ஒற்றையாளாகத் தூக்குகிற கை, விரல் நுனி வரைக்கும் நடுங்கிக்கொண்டிருந்தது. சகலை அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கையும் நடுங்கியதால் இரண்டும் சேர்ந்து குலுங்கின. சுவரில் கை கழுவும் முறையைப் பற்றி ஒரு அறிவிப்பு இருந்தது. நான் அதை மூன்று முறை படித்தேன். வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் சொல்ல ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் எனக்கு மறந்துபோயிருந்தது.

ஆபரேஷனுக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. நேற்று சாயங்காலம் விசாரிக்கலாமே என்று போன் செய்தேன். அண்ணிதான் எடுத்தார். பக்கத்தில் சகலை தொண்டையைக் கனைப்பது கேட்டது.

"என்ன அண்ணி, ரெண்டு பேரும் என்ன பண்றீங்க?" என்றேன்.

"சும்மாதான் தம்பி" என்றார். "பயந்துகிட்டு இருக்கோம்."